கல்லில் ஏறிய கோழிக்கால்

1961 பிப்ரவரியில் அடித்த ஒரு புயலில் அரிபாடாக் கடற்கரை ஒன்பது மனுவேல் ஃபெர்ரெய்ராக்களைப் பறிகொடுத்தது. பெயர் வைக்கும் விஷயத்தில் எங்கள் மீனவர்களைப் போன்ற கஞ்சர்களைப் போர்த்துகல் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. மனுவேல், ஜுசே, அந்தோனியு. அதற்கு மேல் யோசித்தால் தலை வலிக்கும். அன்று ஏழு படகுகள் போயின, ஒன்றும் திரும்பவில்லை. மொத்தம் நாற்பத்தொரு பேர். ஓர் உடலைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை.

அந்த ஒன்பது மனுவேல்களில் ஒருவர் ஃபெலிஷ்மீனாவின் புருஷன். ஊரில் அவருக்கு ‘ஈரவிறகு’ என்று பெயர். எவ்வளவு ஊதினாலும் பற்றிக்கொள்ளாத மனுஷர், கோபமே வராது. ஃபெலிஷ்மீனாவுக்கு ஊர் வைத்த பெயர் ‘பட்டாசு’. இந்த இரண்டையும் சேர்த்து வைத்த பாதிரியாரைத்தான் விசாரிக்க வேண்டும் என்று கல்யாணத்தன்றே சிரித்தார்கள். பதினேழு வருஷம் குடித்தனம், இரண்டு பையன்கள். அவர் போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்க மலைக்கிராமங்களுக்கு நடந்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பெரிய பையன் பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். சின்னவன் அடெலீனு அம்மாவோடு தங்கி அப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டான்.

அவளுக்குப் படிப்பு கிடையாது. அஞ்சலகத்தில், மருந்துக்கடையில், எங்கே போனாலும் “எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க” என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசக்கும். ஆனால் கடற்கரையில் கிடக்கும் எந்தத் துடுப்பையும் மிதவையையும் பார்த்து இது இன்னார் வீட்டுப் பொருள் என்று கண்ணைச் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடுவாள். எங்கள் வீடுகளுக்குப் பெயரைவிட அடையாளம்தான் முக்கியம். கத்தியால் கீறுகிற ஒரு சின்ன உருவம்: ஒரு வீட்டுக்கு ஈட்டி, ஒரு வீட்டுக்கு நட்சத்திரம், ஒரு வீட்டுக்கு அரைநிலா. ஈரவிறகு வீட்டுக்குக் கோழிக்கால், அடியில் ஒரு கோடு. அப்பாவின் அடையாளம் மாறாமல் கடைக்குட்டிக்குப் போகும், ஏனென்றால் வயதான காலத்தில் பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றுகிறவன் அவன்தான். மூத்த பிள்ளைகள் அந்த அடையாளத்தின் பக்கத்தில் ஆளுக்கொரு கீற்று கூட்டிக்கொள்ள வேண்டும். கீற்றில்லாத அடையாளத்தை வைத்திருப்பவன் அதைப் பட்டம்போல் சுமப்பான்.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே சாமந்திப் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். நாற்பத்தொரு குடும்பங்களுக்கு மட்டும் போக இடமில்லை. ஃபெலிஷ்மீனா வருஷா வருஷம் நாத்தனார் வீட்டுக் கல்லறையின் ஓரத்தில் ஒரு சாண் இடம் கேட்டு மெழுகுவர்த்தியை நட்டுவைப்பாள். 1976இல் நாத்தனார் சொன்னாள், “கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வையி. எங்க ஆளுக்கு வெளிச்சம் மறைக்குல்லா?”

செத்தவருக்கு என்ன வெளிச்சம் மறைக்குமோ தெரியாது. பட்டாசு அன்றைக்கு வெடிக்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஊதி அணைத்து, மடியில் செருகிக்கொண்டு நேரே எர்மெலிண்டா வீட்டுக்குப் போனாள். எர்மெலிண்டாவும் அதே புயலில் புருஷனை இழந்தவள், வாய் மட்டும் ஃபெலிஷ்மீனாவைவிட அரை முழம் நீளம்.

“ஏட்டி, புறா வளக்குதவன் சங்கம் வச்சுட்டான். அக்கார்டியன் வாசிக்கவன் சங்கம் வச்சுட்டான். நம்ம ஆம்பளையளுக்கு ஒரு கல்லு வைக்க நாம ஒரு சங்கம் வச்சா என்ன?”

“சங்கம்னா தலைவரு வேணுமே?”

“நாந்தான்.”

“அப்போ சரி. கத்துததுக்குச் சம்பளம் இல்லாத வேலை, உனக்குப் பொருத்தம்தான்.”

பழைய ஆட்சியில் மூன்று பேர் ஒரு முனையில் நின்று பேசினாலே போலீஸ்காரன் வந்து வானிலை விசாரிப்பான். புரட்சி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யார் வேண்டுமானாலும் பத்திரப் பதிவாளரிடம் போய்ச் சங்கம் பதியலாம் என்று லிஸ்பனில் சட்டம் போட்டுவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் ஊர்ப் பதிவாளர், சட்டம் படித்ததால் ‘டாக்டர்’ என்று ஊர் அழைக்கும் வஷ்கொன்செலுஷ், மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்கிறவர், பதினொரு பெண்கள் கறுப்பு முக்காட்டோடு வரிசையாக உள்ளே நுழைந்ததும் முதலில் ஜன்னலைத்தான் திறந்தார்.

“கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் யார் யார்?”

இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

“மற்றவர்கள் விரலில் மை தடவி வையுங்கள். உங்களுக்காக வேறொருவர் கையெழுத்திடுவார்.”

ஃபெலிஷ்மீனா கட்டைவிரலை வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, பக்கத்தில் கோழிக்காலை வரைந்து அடியில் கோட்டையும் இழுத்தாள்.

“அம்மா, அம்மா! இது அரசாங்கப் பத்திரம். கிறுக்கக் கூடாது!”

“கிறுக்கலா? டாக்டரையா, கறுப்பு மையில அமுக்குனா எல்லா விரலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். இதைப் பாத்தா இது யாரு வீடுன்னு கரையில நிக்குத நாய்கூடச் சொல்லும். உங்க கையெழுத்தைக் காட்டுங்க பாப்போம். இதுல எது கிறுக்கல்?”

மற்ற பத்துப் பெண்களும் அவருடைய கையெழுத்தை எட்டிப் பார்த்தார்கள். அது உண்மையிலேயே மண்புழு நெளிந்த மாதிரி இருந்தது. பாவம், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி விரல்ரேகை இடத்தில் விரல்ரேகை இருந்தால் போதும், ஓரத்தில் என்ன இருந்தாலும் தான் பார்க்கவில்லை என்றார். அப்படித்தான் அரிபாடா நினைவுச்சின்னச் சங்கம் பிறந்தது. சங்கத்தின் ரப்பர் முத்திரை அன்றிலிருந்து ஃபெலிஷ்மீனா இடுப்பில் கட்டும் முன்துணியின் பையில் சில்லறையோடும் மீன் செதிலோடும் கிடந்தது.

பணத்துக்கு அவர்கள் அலையவில்லை. எங்கள் படகுகளில் மீனைப் பங்கு போடும்போது ஆளுக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு, கோயிலுக்கொரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். சங்கத்துப் பெண்கள் கரையில் நின்றுகொண்டு, கல்லுக்கும் ஒரு பங்கு என்று கேட்டார்கள். ‘தரமாட்டேன்’ என்று சொல்லும் ஆண்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டாமா? கொடுத்தார்கள். ஏலக்கூடத்தில் ‘கல்லு மீன்’ என்று தனிக்கூடையே வந்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் ஆளுயரக் கருங்கல்லுக்கும் கொத்தனாருக்கும் பணம் சேர்ந்தது.

நகராட்சித் தலைவர் துறைமுகச் சுவரருகே இடம் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் கொடுத்தார், அதுதான் அவரிடம் ஏராளமாக இருந்தது.

“அழகா ஒரு நங்கூரம் செதுக்கிடலாம். ‘கடலில் மாண்ட வீரர்களுக்கு’ன்னு ஒரு வரி. போதும்.”

“எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் இருக்கணும் ஐயா.”

“பெயர் எழுதினால் ஒன்பது தடவை மனுவேல் ஃபெர்ரெய்ரான்னு வருமே! பார்க்கிறவன் கொத்தனுக்குக் கிறுக்குப் பிடிச்சுதுன்னு நினைப்பான்.”

“அதான் பேரே வேண்டாங்கேன். அடையாளம் வெட்டட்டும்.”

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கல் சங்கத்தினுடையது.

இப்போது ஃபெலிஷ்மீனா ஒரு தப்பு செய்தாள். எங்கள் கடற்கரைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. படகுப் படகாகப் போய் நாற்பத்தொரு அடையாளங்களையும் பெரிய தாளில் கரியால் வரைந்துகொண்டாள். மேலே ஒரு சிலுவை போட்டாள். கொத்தனார் வரும்வரை ஊர் பார்க்கட்டும் என்று பெருமையாக ஏலக்கூடத்துக் கதவில் ஆணியடித்து மாட்டினாள். விடிந்து பார்த்தால் ஒரு படகும் தண்ணீரில் இறங்கவில்லை. கடல் கண்ணாடியாகக் கிடந்தது, மத்தி கூட்டமாக வந்து கரையருகே துள்ளியது, ஆண்கள் எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

படகோட்டிகளில் மூத்தவர் கஸ்பார். அவர் எழுந்து வந்தார்.

“ஃபெலிஷ்மீனா, அந்தத் தாள்ல சிலுவைக்குக் கீழ என் அண்ணன் மகன் நட்சத்திரம் இருக்கு. அவன் உசிரோட, அந்தா உக்காந்து சிகரெட்டு குடிக்கான்.”

“அது அவங்கப்பன் நட்சத்திரம்லா, பெரியவரே?”

“அப்பன் போயி, இப்போ இவனோடது. கீழ உடம்பு கிடந்தா அடையாளத்தைக் கல்லுல வெட்டலாம். உடம்பு அதைப் பிடிச்சு வச்சுக்கிடும். வெறுங்கல்லுல வெட்டுனா என்ன ஆகும்? அது உடம்பு தேடும். யாரைத் தேடும்? அதே அடையாளத்தோட கடல்ல நிக்கவனைத் தேடும்.”

ஃபெலிஷ்மீனா தாளைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கூட்டத்தில் அடெலீனுவைத் தேடினாள். அவன் கோழிக்கால் போட்ட படகின்மேல் சாய்ந்து நின்றான், அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. கல்லின் பங்கும் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பட்டாசு ஊரையே கொளுத்திவிட்டாள் என்றார்கள். நகராட்சித் தலைவர் நங்கூரத்தின் படத்தோடு மறுபடியும் ஆளனுப்பினார்.

நாலாம் நாள் அவள் கஸ்பாரிடம் போய் நின்றாள். “பெரியவரே, ஒரு கேள்வி. உசிரோட இருக்கவன் தன் அடையாளத்துல ஒரு கீத்து கூட்டிக்கிட்டா? அப்போ கீத்தில்லாதது செத்தவருக்கு மட்டும்தானே?”

கஸ்பார் தாடியைச் சொறிந்தார். “அப்படின்னா தேடாது. வேற ஆளுன்னு விட்டுரும். ஆனா எந்தக் கடைக்குட்டி கீத்து போட்டுக்கிடுவான்? ஆத்தாளை வச்சுக் காப்பாத்தாதவன்னுல்லா அர்த்தமாகும்? என் மவன்னா நான் கேக்க மாட்டேன்.”

அவள் தன் மகனிடம் கேட்டாள். அவன் சூப்பில் சோளரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“பிரான்சுக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டான், போனேனா?” என்றான் அடெலீனு. “பதினஞ்சு வயசுல துடுப்பைப் பிடிச்சேன். அண்ணன் காரு வாங்கிட்டான், வீடு கட்டிட்டான். எனக்கு என்ன இருக்கு? அந்தக் கோழிக்கால் ஒண்ணுதான் இருக்கு. அதுல கீத்து போட்டா எனக்கும் ஓடிப்போனவனுக்கும் என்ன வித்தியாசம்மா?”

ஃபெலிஷ்மீனாவுக்கு ஆயிரம் பதில் தெரியும். அவள் வாயடைத்துப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. ஆனால் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. இந்தப் பையன் கேட்டு வாங்காமலே தன் இளமையைக் கொடுத்திருக்கிறான், தான் அதைக் கவனிக்காமலே வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நீ சொல்லுததுதான் சரி மக்களே,” என்றாள். “சாப்பிடு.”

காலையில் ஏலக்கூடத்துக்குப் போனாள். எல்லாரும் இருந்தார்கள். முன்துணியின் முனையை நாக்கில் நனைத்து, தாளில் இருந்த கோழிக்காலைத் தேய்த்து அழித்தாள். கரி இழுபட்டு அந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை மட்டும் நின்றது.

“எம் மவன் கடலுக்குப் போகணும்,” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “உசிருள்ளவன் பக்கம்தான் நான். எங்க வீட்டு ஆளு கல்லுல வேண்டாம். மத்தவங்க உங்க உங்க வீட்டுல கேட்டுக்கிடுங்க. நாற்பது வந்தாலும் கல்லு நிக்கும், நாலு வந்தாலும் நிக்கும்.”

எர்மெலிண்டாவுக்கு அழுகையை அடக்கத் தெரியாது, திட்டத்தான் தெரியும். “பைத்தியக்காரி! பதினேழு வருசமா தலையில கூடை, இப்போ மூளையும் போச்சா? சங்கத் தலைவரே தன் ஆளை அழிச்சா மத்தவ எப்படிட்டி கேப்பா?”

ஃபெலிஷ்மீனா கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கிராமத்துச் சாலையில் நடந்தாள். அன்று விற்க மீன்கூட இல்லை, வெறுங்கூடைதான். எங்கேயாவது நடக்க வேண்டும்போல் இருந்தது. நடந்தாள், அழுதாள், ஒரு வேலியோரம் உட்கார்ந்து ஈரவிறகைக் கொஞ்சம் திட்டினாள், மறுபடியும் நடந்தாள்.

பகல் திரும்பும்போது வந்து பார்த்தால் படகுகளைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் அடெலீனு முழங்காலில் உட்கார்ந்து கையில் வெள்ளைச் சாய டப்பாவோடு இருந்தான். படகின் முகப்பில் கோழிக்கால் இருந்தது. கோட்டுக்குக் கீழே, ஈரம் காயாமல், புதிதாக ஒரு கீற்று. மூத்தவர்கள் போடுவதுபோலப் பக்கத்தில் இல்லை, அடியில்.

“பக்கத்துல போட்டாத்தான் ஓடிப்போனவன்,” என்று அவன் கஸ்பாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “அடியில போட்டா அப்பனைத் தூக்கிப் பிடிக்கவன். இனி அப்படி வச்சுக்கிடுவோம். யாராவது இல்லன்னு சொல்லுங்க பாப்போம்!”

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவின் வாரிசு என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அவன் டப்பாவோடே எழுந்து ஏலக்கூடத்துக்கு நடந்தான், கரித்துண்டை எடுத்தான், சாம்பல் கறையின்மேல் கோழிக்காலை மறுபடியும் அழுத்தி வரைந்தான். பிறகுதான் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

“நீ அழிச்சுட்டுப் போனதைப் பாத்தேன். அந்தக் காலியிடத்தைப் பாக்க முடியலம்மா,” என்றான். “அவரு எங்கப்பனும்தானே?”

ஃபெலிஷ்மீனா அவனைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டே முதுகில் இரண்டு அடியும் போட்டாள். சாயம் சொட்டி அவளுடைய கறுப்புப் பாவாடையெல்லாம் வெள்ளையானது.

கஸ்பாரின் அண்ணன் மகன் சிகரெட்டைக் கீழே போட்டு, “அந்த டப்பாவை இங்க குடு,” என்றான். மாலைக்குள் ஆறு படகுகள். அந்த வாரத்துக்குள் இருபது. கடைசிவரை முரண்டு பிடித்த ஒருவனை அவன் மாமியார் ஏலக்கூடத்தின் நடுவில் வைத்து, “கீத்து போடுதியா, இல்ல நான் போடட்டுமா?” என்று கேட்டாள். அவனும் போட்டான். பிள்ளையில்லாமல் இறந்த ஐந்து பேருக்கு அண்ணன் தம்பி வீடுகள் சம்மதம் சொல்லின. படகுகள் இறங்கின, கல்லு மீன் கூடை நிறைந்தது, நகராட்சித் தலைவரின் நங்கூரம் படமாகவே நின்றுவிட்டது.

1978ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி துணியை விலக்கினார்கள். மலையிலிருந்து வந்த கருங்கல், ஆளுயரம், கடலைப் பார்த்த முகம். அதில் எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. மேலே ஆண்டு, அதன்கீழ் நாற்பத்தொரு அடையாளங்கள். வாத்தியக் குழு வாசித்தது, தலைவர் பேசினார், நீளமாகத்தான் பேசினார். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கப் புதிய பாதிரியார் தீர்த்தக் கிண்ணத்தோடு கல்லின் முன்னால் போனார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். ஈட்டி, நட்சத்திரம், அரைநிலா, கொக்கி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“மன்னிக்கணும்,” என்றார் ஒலிபெருக்கியில். “எனக்கு இதை வாசிக்கத் தெரியாது.”

 கறுப்பு முக்காட்டுக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அது பரவியது. கேலியாக இல்லை, ஆயுசு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் கசந்தவர்களின் சிரிப்பு. பதிவாளருக்கும் தெரியவில்லை, தலைவருக்கும் தெரியவில்லை, போர்த்து நகரத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் மணலில் வெறுங்காலோடு நின்றார்கள்.

“தலைவரம்மா,” என்று எர்மெலிண்டா முதுகில் கைவைத்துத் தள்ளினாள், “ஏட்டி, போ. போயி வாசி.”

ஃபெலிஷ்மீனா முன்னால் வந்தாள். ஒலிபெருக்கியைத் தொடவில்லை. மலைக்கிராமங்களில் மீன் கூவி விற்ற தொண்டைக்கு அது எதற்கு? கையைக் கல்லில் வைத்து வரிசையாக நகர்த்தினாள்.

“நட்சத்திரம், அடியில ரெண்டு கொக்கி: அரைச்சட்டை மனுவேலு. ஈட்டி: பூனைக்கண்ணு ஜுசே. அரைநிலா, குறுக்கே கம்பு: எர்மெலிண்டா வீட்டுக்காரரு, வாய்பேசா அந்தோனியு. பாவம், அவரு வாயைத் திறக்க இவ எங்க விட்டா?”

சிரித்துக்கொண்டே எர்மெலிண்டா அழுதாள். பெயருக்குப் பெயர் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அது போதாமல் கிண்ணத்தை இரண்டு தடவை நிரப்பினார்கள். ஒன்பது மனுவேல் ஃபெர்ரெய்ராக்களும் ஒன்பது தனித்தனி ஆட்களாக வந்து நின்றார்கள். ஓர் இடத்திலும் அவள் தடுமாறவில்லை. நாற்பது ஆயிற்று.

கை கோழிக்காலுக்கு வந்தது. மூன்று விரல், அடியில் ஒரு கோடு, கீற்று இல்லை. கொத்தனார் ஆழமாக வெட்டியிருந்தார், விரல் நுனி உள்ளே இறங்கியது. பாதிரியார் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் கல்லிலிருந்து முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அவள் வாசிக்கவில்லை, கூப்பிட்டாள்.

“மனுவேலு! ஈரவிறகு! ஏய், எம் புருசனே! கரைக்கு வந்துட்டீரு, ஏறி வாரும்!”

அதற்குப் பிறகு யாரைத்தான் நிறுத்த முடியும்? நாற்பது வீட்டுப் பெண்களும் கல்லைச் சூழ்ந்துகொண்டு அவரவர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். துறைமுகத்தில் நின்ற படகுகளெல்லாம் ஊதல் ஊதின. ஆசீர்வாதத்தின் கடைசி வரியைச் சொல்லப் பாதிரியார் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.